கூழைக்கடா விழுங்காத தேரை

இந்தக் கதை எனக்கு நேராக வந்ததில்லை. கரும்பு வெட்டப் போய்த் திரும்பிய ஒருவர், பேருந்தில் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். முன் இருக்கையில் இருந்ததால் என் காதிலும் விழுந்தது. அவருக்கும் வேறு யாரோ சொன்னதுதானாம். கேட்டபடியே சொல்கிறேன்.

ஓர் ஏரியை ஒட்டிப் பெரிய கரும்புக் காடு இருந்தது. கீரி, சாரை, உடும்பு, மைனா, பெருச்சாளி, மயில் எல்லாம் அதில் குடியிருந்தன. கரும்பு நின்றால்தான் அவற்றுக்கு நிழல். நிழல் இருந்தால்தான் இரை.

ஒரு கோடையில் கரும்பு சாயத் தொடங்கியது. காற்றும் இல்லை, மழையும் இல்லை. நின்ற கரும்பு நின்ற இடத்திலேயே மஞ்சளானது. உரசினாலே வேரோடு விழுந்தது. எல்லாம் வண்டு செய்த வேலை. வண்டு கரும்பின் உச்சியில் உட்கார்ந்து இலையைத் தின்றது. அது மண்ணில் இட்ட முட்டையிலிருந்து வந்த வெள்ளைப் புழு, ஒரு சாண் ஆழத்தில் கிடந்து வேரைத் தின்றது.

விலங்குகள் மதகடியில் கூட்டம் போட்டன.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக எதைச் செய்வதானாலும், ஒவ்வொரு குலமும் ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து மதகின் மேல் வைக்க வேண்டும். எல்லாக் கல்லும் சேர்ந்தால் காரியம் நடக்கும். ஒன்று குறைந்தாலும் நடக்காது. வைத்த கல்லை யாரும் திருப்பி எடுத்ததில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. மதகுக்கு வந்த விருந்தாளியை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

அன்றைக்கு வந்த விருந்தாளி கூழைக்கடா. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எங்கிருந்தோ பறந்து வந்து, ஏரியில் மீன் தின்றுவிட்டுப் போகிறவர்.

“எங்க பக்கத்துக் கரும்புல வண்டுங்கிற பேச்சே கிடையாது!” என்றார் கூழைக்கடா. “ஏன்னு கேளுங்க. தேரை! உங்க ஊர்ச் சுண்டைக்காய்த் தேரை இல்லை. ஒவ்வொண்ணும் தேங்காய் மூடி அளவு! வண்டைக் கண்டா விடாது.”

“பசிச்சா வண்டை மட்டும்தான் தின்னும்னு அது எழுதிக் குடுக்குமா?” என்றது சாரை.

“சாரை! விருந்தாளிகிட்ட என்ன பேச்சு!” என்று மயில் அதட்டியது. மயில்தான் மதகுத் தலைவர். எல்லோரும் ‘மயிலார்’ என்றே கூப்பிடுவார்கள். “சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணப் போறோம். கீரி பார்க்கட்டும். கண்ணும் கூர்மை. பொய் சொல்லவும் தெரியாது.”

கீரிக் கூட்டம் திகைத்துப் போனது. அவர்கள் எப்போதும் கூட்டத்தின் கடைசியில், சேற்றோரம் உட்காருகிறவர்கள். கல்லை வைக்கக் கூப்பிடுவார்கள், பேசக் கூப்பிட்டதில்லை. அரியநாச்சி என்ற கீரி எழுந்து நின்றாள். அவளுக்கு வால் நுனிவரை சிலிர்த்தது.

“நான் பார்க்கிறேன்” என்றாள்.

“பார்த்துப் பாரு, வால்தூக்கி” என்றது சாரை.

“நீ உன் வாலை எங்கே வச்சிருக்கேன்னு முதல்ல தேடு, நெளியா” என்றாள் அரியநாச்சி. கூட்டம் சிரித்தது. மதகடியில் சண்டை கூடாது, ஏச்சுக்குத் தடையில்லை.

தேரை கொண்டுவரப் போன கூழைக்கடா மூன்றாம் நாள் காலையில் திரும்பி வந்தார். அரியநாச்சி கரையில் காத்திருந்தாள். அவர் அலகைத் திறந்தார். அலகுப் பைக்குள்ளிருந்து இருபது தேரைகள் தொப்புத் தொப்பென்று விழுந்தன. பழுப்பு நிறம். முதுகெல்லாம் பரு. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வீக்கம்.

தேரைகள் விழுந்ததுதான் தாமதம், கூழைக்கடா ஏரிக்குள் பாய்ந்தார். ஒரு மீன். இன்னொரு மீன். அரியநாச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். மூச்சு விடாமல் பதினான்கு மீன்களை விழுங்கினார்.

“என்ன பசி! என்ன பசி!” என்றார். “மூணு நாளா ஒண்ணுமே தின்னலை!”

அரியநாச்சிக்கு முள் தைத்த மாதிரி இருந்தது. போன தடவை கரையில் கிடந்த அறுந்த செருப்பையே விழுங்கப் பார்த்தவர் இவர். மூன்று நாள் பட்டினி. வாய் நிறையக் கொழுத்த தேரைகள். ஒன்றைக்கூட ஏன் விழுங்கவில்லை?

கேட்க வாயெடுத்தாள். விருந்தாளியாயிற்றே என்று மூடிக்கொண்டாள்.

கரும்பு வெட்டுகிறவர்கள் போட்டுவிட்டுப் போன விளிம்புடைந்த மண்சட்டி ஒன்று வரப்பில் கிடந்தது. அதற்குள் ஒரு தேரையை விட்டார்கள். மைனா ஒன்பது வண்டுகளைப் பிடித்து வந்து போட்டது. தேரை நாக்கை நீட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று… ஒன்பதும் உள்ளே போய்விட்டன.

மயிலார் தோகையை விரித்துவிட்டார். “பார்த்தீங்களா! பார்த்தீங்களா!”

எல்லோரும் போன பிறகு அரியநாச்சி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஏம்ப்பா, வண்டு கரும்பு உச்சியில இருக்கும். நீ ஏறுவியா?”

“இந்த வயித்தை வச்சுக்கிட்டா?” என்றது தேரை.

“அப்ப மண்ணைத் தோண்டுவியா? புழு ஒரு சாண் ஆழத்துல கிடக்கு.”

“எதுக்குத் தோண்டணும்? வாய்க்கு முன்னால வந்தாத் தின்பேன். வராட்டி, வேற என்ன வருதோ அதைத் தின்பேன்.”

அரியநாச்சி வளைக்குத் திரும்பினாள். அவள் தம்பி சுடலை ஒரு காடை முட்டையை உடைக்க வழி தெரியாமல் உருட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டியைச் சொன்னாள், கூழைக்கடாவின் பட்டினியையும் சொன்னாள்.

“இதை எங்கிட்டச் சொல்லி என்னக்கா? நான் என்ன மதகா?” என்றான் சுடலை. “அங்கே போய்ச் சொல்லு.”

“சொல்லத்தான் போறேன்டா.”

“சத்தமாச் சொல்லு. உனக்குக் கூட்டத்தைக் கண்டா குரல் உள்ளே போயிரும். அப்புறம் என் அக்கா எலி மாதிரிக் கீச்சுன்னான்னு பேர் வந்துரும்.”

அவள் அவன் காதைக் கடித்தாள். பிறகு சொல்ல வேண்டியதைத் தனக்குத்தானே நான்கு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் மதகில் எல்லாக் குலமும் கூடியது. கூழைக்கடா மேலே, மயிலாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அரியநாச்சியை முதல் முறையாக, மதகில் நின்று பேசும் பெரிய கல்லின் மேல் ஏற்றினார்கள்.

“தேரை வண்டைத் தின்னுச்சா, இல்லையா?” என்று மயிலார் கேட்டார்.

“தின்னுச்சு. ஆனா…”

“தின்னுச்சாம்!”

“ஆனா சட்டிக்குள்ள…”

“எத்தனை வண்டு போட்டோம்?”

“ஒன்பது. அது…”

“எத்தனையைத் தின்னுச்சு?”

“ஒன்பதையும். மயிலாரே, இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு…”

“ஒன்பதுக்கு ஒன்பது!” என்று மயிலார் அகவினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அந்த இரைச்சலுக்குள் மயிலார் கழுத்தை வளைத்து அவள் காதோரம் பேசினார். “அரியநாச்சி, உங்க குலத்துல இந்தக் கல்லு மேல நின்னு பேசுற முதல் ஆள் நீ. நல்லாப் பேசிட்ட. இதோட இறங்கினா நல்ல பேரு. வண்டு ஒழியப் போகுதுன்னு எட்டு ஏரிக்கு நான் சொல்லி அனுப்பியாச்சு. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க வச்சிராதே.”

“அவளை முழுசாச் சொல்ல விடுங்கப்பா!” என்று பின்னாலிருந்து சாரை கத்தியது.

“பாருடா! கீரிக்குப் பாம்பு வக்காலத்து!” என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அரியநாச்சிக்குக் காது சுட்டது. நான்கு முறை சொல்லிப் பார்த்ததில் ஒரு சொல்லும் நாக்கில் இல்லை. அத்தனை கண்களும் அவள் மேல். தன் குலத்தார் சேற்றோரத்திலிருந்து அவளைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

அவள் கூழாங்கல்லை வைத்தாள்.

ஒவ்வொரு குலமாக வந்து கல் வைத்தது. கடைசியில் சாரை ஊர்ந்து வந்தது. அவள் முகத்தைப் பார்த்தது. “நீ பார்த்தவ. நீயே வச்சிட்ட. அப்ப நானும் வைக்கிறேன்” என்று சொல்லித் தன் கல்லையும் வைத்தது.

தேரைகளைக் கரும்புக்குள் விட்டார்கள்.

முதல் மாதம் கரும்புக்குள் ஒரே வேடிக்கை. தேரை கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். வண்டு உச்சி இலையிலிருந்து குனிந்து பார்க்கும்.

“இறங்கி வாயேன்!” என்று தேரை கூப்பிடும்.

“நீ ஏறி வாயேன்! இளம் இலை, ரொம்ப ருசி!” என்று வண்டு சொல்லும்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தேரை திரும்பிக்கொள்ளும். தரையில் இருப்பதைத் தின்னும். எறும்பைத் தின்றது. வெட்டுக்கிளியைத் தின்றது. சாணத்தை உருட்டும் வண்டைத் தின்றது. மைனாவுக்கு இரை இல்லாமல் போனது. ஏரியில் தேரைக் குஞ்சுகள் கரியைக் கொட்டியது போல மொய்த்தன. இருபது தேரைகள் இருநூறாயின. இருநூறு எண்ணிக்கை தெரியாமல் போயின.

கரும்பு சாய்ந்துகொண்டே இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் சுடலை வரப்பில் துள்ளிக்கொண்டு வந்தான். வாயில் ஒரு தேரை.

“போடுடா கீழே!” என்று அரியநாச்சி அலறினாள்.

அவன் தேரையைப் போட்டுவிட்டுச் சிரித்தான். “என்னக்கா இப்படிப் பதறுற? தலையைக் கடிச்சுட்டேன். கசப்பா பால் மாதிரி ஏதோ வருது. தின்னா என்ன?”

“நான்தான் சொன்னேனேடா! அந்தக் கூழைக்கடா ஒண்ணைக்கூடத் தின்னலைன்னு சொன்னேனே!”

“சொன்ன. அப்புறம் நீயே போய்க் கல்லு வச்சியே?” என்றான் சுடலை. “விசாரிச்சிருப்பே, ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். கெட்டதா இருந்தா என் அக்கா கல்லு வைப்பாளா?”

பேசும்போதே அவன் வாயோரம் நுரை வந்தது. பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. அவள் அவனை இழுத்துப் போய் வாய்க்கால் தண்ணீரில் வாயைக் கழுவினாள். கழுவக் கழுவ நுரை வந்தது. வெயில் கரையேறும் முன்னால் சுடலை இறந்துவிட்டான்.

அரியநாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்திருந்த இன்னொரு தேரையிடம் போனாள்.

“என் தம்பியைக் கொன்னுட்டியே!”

“நான் யார் வீட்டுக்கும் வரலை” என்றது தேரை. “என்னை அலகுல அடைச்சுக் கொண்டுவந்தாங்க. சட்டியில போட்டாங்க. காட்டுல விட்டாங்க. கடிக்காதவரை நான் யாரையும் கொன்னதில்லை. நீ கோபப்பட வேண்டியவங்க வேற இடத்துல இருக்காங்க.”

அது உண்மை. அந்த உண்மை அவளை எரித்தது. அவள் மதகிருக்கும் திசையைப் பார்த்தாள். அங்கே அவளுடைய கல் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் உடும்புகள் செத்தன. கீரிகள் செத்தன. சாரைகள் வளைக்கு வளை செத்தன. மயில்கள் சாகவில்லை. அவை தேரையைத் தொடுவதில்லை. தூங்குவதும் மரத்தின் மேல்.

பனிக்காலம் தொடங்கியதும் கூழைக்கடா மறுபடியும் வந்தார். மயிலார் கூட்டத்தைக் கூட்டினார்.

“தேரை கொஞ்சம் கூடிப்போச்சுன்னு சிலர் வருத்தப்படுறதாக் கேள்வி” என்று தொடங்கினார். “விருந்தாளி அதுக்கும் ஒரு வழி சொல்றார்.”

“எங்க பக்கம் ஒரு பிராணி இருக்கு” என்றார் கூழைக்கடா. “தேரையைக் கண்டா விடாது! வேணும்னா ஒண்ணைச் சட்டியில விட்டுச் சோதிச்சுக்கலாம்.”

“சட்டி எங்கே?” என்றார் மயிலார் உற்சாகமாக.

சேற்றோரத்திலிருந்து அரியநாச்சி நடந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவளே கல்லின் மேல் ஏறினாள்.

“கூழைக்கடாவாரே, ஒரு கேள்வி.”

“விருந்தாளியை…” என்று மயிலார் தொடங்கினார்.

“என் தம்பி செத்துட்டான்! இனி எனக்கு விருந்தாளியும் இல்லை, மரியாதையும் இல்லை!” என்று அவள் கத்தினாள். குரல் உள்ளே போகவில்லை. “மூணு நாள் பட்டினியா வந்தீங்களே. வாய் நிறையத் தேரை இருந்துச்சே. ஏன் ஒண்ணைக்கூட விழுங்கலை?”

கூழைக்கடாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “அதை விழுங்கினா நான் செத்துருவேனே!” என்றார்.

அரியநாச்சி அவர் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“அப்ப, தெரிஞ்சேதான் கொண்டுவந்தீங்க.”

“வண்டைத் தின்னுமான்னு கேட்டீங்க. தின்னும்னு சொன்னேன். உங்களைக் கொல்லுமான்னு யாரும் கேக்கலையே!”

மயிலார் தொண்டையைச் செருமினார். “நடந்தது நடந்துபோச்சு. எல்லாரும் சேர்ந்துதானே கல்லு வச்சோம்? இதோ, உன் கல்லும் இருக்கு, அரியநாச்சி.”

“இருக்கு. அதுக்குத்தான் வந்தேன்” என்றாள் அவள். “எல்லாரும் கேளுங்க. தேரை சட்டிக்குள்ளதான் வண்டைத் தின்னுச்சு. அதுக்குக் கரும்புல ஏறத் தெரியாது, மண்ணைத் தோண்டத் தெரியாது. அது அன்னைக்கே எனக்குத் தெரியும். கூழைக்கடா பட்டினியா வந்ததையும் நான் பார்த்தேன். சொல்லத்தான் இந்தக் கல்லு மேல ஏறினேன். மயிலார் என்னை நிறுத்தினார். நான் நின்னுட்டேன். இவர் நிறுத்தினது இவர் தப்பு. நின்னது என் தப்பு. என் தம்பி என் கல்லை நம்பிச் செத்தான்.”

அவள் தன் கூழாங்கல்லை எடுத்தாள். அந்த மதகில் அப்படி யாரும் செய்ததில்லை. பிறகு அவள் இன்னொரு கல்லையும் எடுத்தாள்.

“அது சாரையோட கல்லு!” என்றார் மயிலார்.

சாரை உட்காரும் இடம் காலியாக இருந்தது. அதன் குலத்திலிருந்து அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. வருவதற்கு ஒருவரும் இல்லை.

“ஆமா. என்னை முழுசாப் பேச விடுங்கன்னு கேட்ட ஒரே ஆளோட கல்லு” என்றாள் அரியநாச்சி. “என் முகத்தைப் பார்த்துட்டுத்தான் வச்சாரு. அதை நானே எடுக்கணும்.”

மைனா பறந்து வந்து தன் கல்லைக் கொத்தி எடுத்தது. உடும்பு நகர்ந்து வந்து தன் கல்லை எடுத்தது. பெருச்சாளியும் எடுத்தது. “ஒரு சாண் தோண்டினாப் புழு கிடைக்கும். எனக்கு எப்பவுமே தெரியும்” என்று முணுமுணுத்தது. “யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.”

கடைசியில் மதகின் மேல் மயிலாரின் கல் மட்டும் இருந்தது. கூழைக்கடா சிறகை உதறிக்கொண்டு பறந்துவிட்டார். அந்தப் புதுப் பிராணிக்கு யாரும் கல் வைக்கவில்லை; அது வரவே இல்லை.

கல்லை எடுக்க முடிந்தது. தேரையை எடுக்க முடியவில்லை. அது இன்னும் அந்த வரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கேட்ட கதை இவ்வளவுதான். விலங்குகள் பேசியதை என்னால் சரிபார்க்க முடியாது. மற்றதைத் தேடிப் படித்தேன். 1935ஆம் ஆண்டு, கரும்பு வண்டை ஒழிக்கவென்று ஆஸ்திரேலியாவுக்குச் சுமார் நூறு தேரைகளைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். வண்டு ஒழியவில்லை. தேரைகள் கோடிக்கணக்கில் பெருகின. அவற்றைக் கடித்த உடும்புகளும் பாம்புகளும் கூட்டங்கூட்டமாகச் செத்தன. வேண்டாம் என்று எச்சரித்தவர்களும் இருந்தார்கள். கொஞ்ச காலம் தேரைகளை வெளியே விடத் தடைகூட இருந்தது. அடுத்த ஆண்டே அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள்.

தெரிந்த உண்மையைப் பாதியில் நிறுத்தச் சொல்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அதை முழுவதும் சொல்லி முடிக்காமல் மேடையை விட்டு இறங்கக் கூடாது.